கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் மாலுமிகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் அட்டையில் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்றின் படம் வந்ததிலிருந்து, பாய்மரப் பந்தயங்களைப் பற்றி மும்பையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் படிக்கிறாள். கோடையில் அங்கே நடந்த ஸ்கூனர் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, வென்ற கப்பல்காரர்கள் வெள்ளிக் கோப்பையைப் பெற்றுக்கொண்டு ஓராண்டு கழித்து அதைக் கழகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறாள். ஸ்கூனர் என்பது எப்படிப்பட்ட கப்பல்? வென்ற பரிசை எதற்காகத் திருப்பித் தர வேண்டும்? – ஒரு வாசகி, செம்பூர்

பதில்: முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூனர் என்பது இரண்டோ அதற்கு மேலோ பாய்மரங்களைக் கொண்டது. இரண்டு மரங்கள் உள்ள ஸ்கூனரில் முன்மரம் பெரும்பாலும் பின்மரத்தைவிடக் குட்டையாக இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே உயரமாக நிற்கும். பாய்கள் கப்பலின் குறுக்கே விரியாமல், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி நீளவாக்கில் விரியும். குறுக்குப் பாய்களை ஏற்றி இறக்க மரத்தின் உச்சிவரை ஏற வேண்டிய ஆட்கள் ஸ்கூனருக்குத் தேவையில்லை. பெரும்பாலான வேலையைத் தளத்தில் நின்றபடியே கயிறுகளை இழுத்துச் செய்துவிடலாம். சில ஆட்களைக் கொண்டே ஓட்ட முடிந்ததால், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மீன்பிடிக்கவும், மரமும் நிலக்கரியும் சிப்பியும் ஏற்றிச் செல்லவும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கப்பலையே மக்கள் நம்பியிருந்தார்கள். இன்று அங்கே எஞ்சியிருக்கும் ஸ்கூனர்களையும் புதிதாகக் கட்டப்பட்டவற்றையும் ஓட்டுகிறவர்கள் தங்கள் வட்டாரத்துக்கெனக் கழகம் அமைத்து, ஆண்டுதோறும் பந்தயம் நடத்துகிறார்கள். ஒற்றை மரமுள்ள நவீனப் படகுகள் எதிர்க்காற்றில் இவற்றைவிடக் கூர்மையாக ஏறிச் செல்லும் என்பதும், பக்கவாட்டில் காற்று வீசும்போதுதான் ஸ்கூனரின் வேகம் முழுமையாக வெளிப்படும் என்பதும், இவர்கள் தனியாகப் போட்டியிடுவதற்கு ஒரு காரணம்.

இனி கோப்பைக்கு வருவோம். வட்டாரக் கழகங்களில் தரப்படும் முதன்மையான பரிசுகளில் பல, நம் ஊரில் சுழற்கோப்பை என்று நாம் சொல்வதைப் போன்றவையே. வென்றவர் அதை ஓராண்டு வைத்திருந்து, அடுத்த பந்தயத்துக்கு முன் திருப்பித் தருகிறார். கோப்பையின் உடலிலோ அதன் மரப் பீடத்திலோ கப்பலின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்படுகின்றன. நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கென்று அதன் சிறு வடிவம் ஒன்றோ ஒரு தட்டோ கொடுப்பதும் உண்டு. கோப்பை கை மாறும்போது, அதில் ஏற்கெனவே உள்ள பெயர்கள் எல்லாம் அடுத்தவரின் வீட்டுக்குச் செல்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் வென்று, பிறகு புயலில் உடைந்துபோன ஒரு கப்பலின் பெயரை, அதைக் கண்ணால் கண்டிராத ஒரு குடும்பம் தன் கூடத்தில் ஓராண்டு முழுவதும் துடைத்துப் பாதுகாக்கிறது. வென்றவரிடமே கோப்பை தங்கிவிட்டால் இது நடக்காது. அதனால் திருப்பிக் கொடுப்பதை இழப்பாக நான் பார்க்கவில்லை. அந்தக் கழகத்தின் வரலாறு எழுதப்படும் முறையே அதுதான்.

இத்தகைய கழகங்களில் ஒரே ஒரு கோப்பை இருப்பது அரிது. எல்லைக்கோட்டை முதலில் கடந்தவருக்கு ஒன்று, நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டபின் முதலிடம் பெற்றவருக்கு ஒன்று, பழைய பாணிப் பாய்களோடு ஓடுகிறவர்களுக்கு ஒன்று, பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு இடரில் சிக்கிய மற்றொரு படகுக்கு உதவியவருக்கு ஒன்று என்று பல வகைகள் உண்டு. மறைந்த உறுப்பினர் ஒருவரின் நினைவாக அவருடைய குடும்பத்தார் அளித்த கோப்பைகள் அவற்றில் நிறைய இருக்கும். வெள்ளிக்குப் பதிலாக, சுவரில் மாட்டத்தக்க பாதிக் கப்பல் வடிவம் ஒன்றைப் பரிசாகத் தருவதும் நெடுநாள் வழக்கம். முற்காலக் கட்டுமானக்காரர்கள் தாளில் வரைவதற்கு முன் கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும் மரத்தில் செதுக்கி, அதை அளந்தே முழுக் கப்பலையும் கட்டினார்கள். இரு பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. அந்தத் தொழிற்கருவியே இன்று பரிசாகியிருக்கிறது. பந்தயம் முடிந்த மாலையில் படகுகளைப் பக்கம்பக்கமாகக் கட்டி நிறுத்தி, எல்லோரும் ஒன்றாக உணவருந்தி, ஒவ்வொரு கோப்பையையும் அளிக்கும்போது அது எவர் நினைவாக வந்தது என்பதைச் சொல்லிவிட்டே கையில் கொடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு மீண்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தால், பந்தயத்தோடு நின்றுவிடாமல் அந்தப் பரிசளிப்பையும் பார்த்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளுக்கு எதிராக, மீன்பிடிக் கப்பல்களுக்கென்றே ஒரு சர்வதேசக் கோப்பை ஏற்படுத்தப்பட்டது என்று ஒரு நூலகத்தில் படித்தேன். விவரம் தர முடியுமா? – ஒரு வாசகர், அந்தோப் ஹில்

பதில்: பாய்மரப் பந்தய வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது, ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1920ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்குக்கு வெளியே, உல்லாசப் படகுகள் மோதும் அமெரிக்கக் கோப்பைப் பந்தயம் நடந்தது. அதில் ஒரு நாள், காற்று பலமாக வீசுகிறது என்பதற்காகப் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். வட அட்லாண்டிக்கின் மீன்பிடித் திட்டுகளில் நடுக்குளிர்காலப் புயலிலும் தூண்டில் போட்டுப் பழகிய மீனவர்களுக்கு இந்தச் செய்தி நகைப்பைத் தந்தது. நோவா ஸ்கோஷியாவில் வெளிவந்துகொண்டிருந்த ‘ஹாலிஃபாக்ஸ் ஹெரால்ட்’ நாளிதழ் அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு, உழைக்கும் கப்பல்களுக்கென ஒரு கோப்பையை அதே ஆண்டில் அறிவித்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மீனவர்களும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிளவுஸ்டர் துறைமுகத்து மீனவர்களும் அதற்காக மோதினார்கள்.

கோப்பையின் நிபந்தனைகளில்தான் அதன் உயிர் இருந்தது. கலந்துகொள்ளும் கப்பல் உண்மையான மீன்பிடிக் கப்பலாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு பருவமாவது அது மீன்பிடித் திட்டுகளுக்குச் சென்று உழைத்திருக்க வேண்டும். நீளத்துக்கும் வரம்பு உண்டு. பந்தயத்துக்கென்றே மெலிதாகக் கட்டி, வென்றபின் கொட்டகையில் நிறுத்திவைக்கும் படகுகளுக்கு அங்கே இடம் தரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

முதல் பந்தயத்தில் கிளவுஸ்டரின் ‘எஸ்பெராண்டோ’, ஹாலிஃபாக்ஸுக்கே வந்து ‘டெலவானா’வை வென்று கோப்பையை எடுத்துச் சென்றுவிட்டது. அந்த வெற்றிக் கப்பல் மறு ஆண்டே, 1921 மே மாதத்தில், சேபிள் தீவுக்கு அருகில் மூழ்கிப்போனது. வென்ற பின்னும் அது மீன்பிடிக்கத்தான் போயிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதன் பெயரைத் தாங்கிய எஸ்பெராண்டோ கோப்பை, கிளவுஸ்டரில் ஆண்டுதோறும் நடக்கும் ஸ்கூனர் விழாவில் பெரிய கப்பல்களுக்கு இன்றும் வழங்கப்படுகிறது. கப்பல் கடலின் அடியில் இருக்க, பெயர் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

தோல்வியைத் தாங்காத நோவா ஸ்கோஷியர்கள் வில்லியம் ரூவே என்பவரைக் கொண்டு ஒரு புதிய ஸ்கூனரை வடிவமைத்து, லூனன்பர்க் ஊரின் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறையில் கட்டி, 1921 மார்ச் 26 அன்று நீரில் இறக்கினார்கள். அதுதான் ‘புளூநோஸ்’. சுமார் 143 அடி நீளமுள்ள அந்தக் கப்பலுக்கு ஏங்கஸ் வால்டர்ஸ் தலைவராக இருந்தார். நிபந்தனைப்படி முதலில் மீன்பிடிக்கச் சென்று திரும்பியபின், அந்த ஆண்டு அக்டோபரில் ‘எல்சி’யை வென்றது, அடுத்த ஆண்டு ‘ஹென்றி ஃபோர்டு’ என்ற கப்பலையும் வென்றது. 1923இல் ‘கொலம்பியா’வோடு நடந்த பந்தயத்தில் மிதவைக் குறி ஒன்றை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் தகராறு எழுந்து, நடுவர்கள் அந்தச் சுற்றை எதிரணிக்கு அளித்ததால் வால்டர்ஸ் தன் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊர் சேர்ந்துவிட்டார். அதன்பின் எட்டு ஆண்டுகள் கோப்பைக்குப் போட்டியே நடக்கவில்லை. நட்புக்காக ஏற்பட்ட கோப்பை ஒரு கோபத்தால் இத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

1931இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது ‘கெர்ட்ரூட் தீபோ’ என்ற கிளவுஸ்டர் கப்பலை ‘புளூநோஸ்’ வென்றது. 1938 அக்டோபரில், அதே இரண்டு கப்பல்களும் ஐந்து சுற்றுகள் மோதியதில் 3–2 என்ற கணக்கில் மீண்டும் ‘புளூநோஸ்’ வென்றதே கடைசிப் பந்தயம். அதற்குள் இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. பாயை மட்டும் நம்பி மீன்பிடித்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நிபந்தனைப்படி உழைக்கும் கப்பல்கள் இல்லாதபோது பந்தயமும் இல்லை. ‘புளூநோஸ்’ சரக்குக் கப்பலாக விற்கப்பட்டு, 1946 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டின் அருகே பவளப்பாறையில் மோதி அழிந்தது. கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் பொறிக்கப்பட்டிருக்கும் பாய்மரக் கப்பல் அதுவே. உங்கள் உறவினர் யாரேனும் அந்நாட்டிலிருந்து வந்தால் ஒரு நாணயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மரங்களில் பின்மரம் உயர்ந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

கேள்வி: பெரிய கப்பலும் சிறிய கப்பலும் ஒரே பந்தயத்தில் ஓடினால் பெரியது வெல்வதுதானே இயல்பு? இது எப்படி நியாயமாகும்? – பத்தாம் வகுப்பு மாணவர், சயான்

பதில்: நல்ல கேள்வி. நீரில் முழுமையாக அமர்ந்து செல்லும் கப்பலின் உச்ச வேகம், நீர்மட்டத்தில் அதன் நீளம் எவ்வளவு என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே 60 அடிக் கப்பல் 30 அடிக் கப்பலை முந்துவதில் திறமைக்குச் சான்று ஒன்றும் இல்லை. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு கப்பலுக்கும் நீளம், எடை, பாயின் பரப்பு ஆகியவற்றைக் கருதி ஒரு எண்ணை முன்கூட்டியே தந்துவிடுகிறார்கள். ஓடி முடித்த நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி வருவதே கணக்கில் கொள்ளப்படும் நேரம்.

பெரிய கப்பலின் எண் 1.00 என்றும் சிறியதன் எண் 0.90 என்றும் வைத்துக்கொள்வோம். பெரியது 180 நிமிடத்திலும் சிறியது 195 நிமிடத்திலும் எல்லையைக் கடக்கின்றன. பெரியதன் நேரம் 180 ஆகவே நிற்கும். சிறியதன் நேரம் 195 × 0.90 = 175.5 ஆகிவிடும். ஆகவே பதினைந்து நிமிடம் பின்னால் வந்த சிறிய கப்பலே வென்றதாகிறது. வேறொரு முறையில், வேகம் குறைந்தவற்றை முன்னதாகவே புறப்பட விட்டு, வேகமானவற்றைப் பின்னர் அனுப்புவார்கள்; அப்போது கோட்டை முதலில் கடப்பவரே வென்றவர் என்பதால் கரையில் நிற்பவர்களுக்கும் முடிவு உடனே புரியும். எண்ணைக் கணக்கிடுவதில் உறுப்பினர்களிடையே ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

கேள்வி: இந்தக் கோப்பைகள் தங்கத்தால் ஆனவையா? உலகிலேயே பழைமையான பாய்மரக் கோப்பை எது? – ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: இன்றும் சர்வதேச அளவில் போட்டியிடப்படும் கோப்பைகளில் மிகப் பழையதாகப் போற்றப்படுவது அமெரிக்கக் கோப்பை. அது தங்கம் அன்று; லண்டனின் கராட் நிறுவனம் 1848இல் செய்த வெள்ளிக் கூஜா. அடிப்பாகம் திறந்தே இருப்பதால் அதில் எதையும் ஊற்றிக் குடிக்கவும் இயலாது. 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்ற ஸ்கூனர் அதை வென்றது. கோப்பைக்கு நாட்டின் பெயர் வைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அந்த ஸ்கூனரின் பெயர்.

வென்றவர்கள் சில நாட்களிலேயே கப்பலை இங்கிலாந்தில் விற்றுவிட்டுக் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். 1857இல் அதை நியூயார்க் யாட் கிளப்பிடம் ஒப்படைத்து, பல நாட்டாரின் நட்புப் போட்டிக்காக என்றென்றும் நிலைக்க வேண்டிய அறைகூவல் கோப்பை இது என்று ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சாசனம் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கூஜா யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் காணாமற்போயிருக்கும். தொடக்ககாலப் போட்டிகளில் 1870, 1871, 1876 ஆகிய மூன்றிலும் ஸ்கூனர்களே மோதின. அதன்பின் ஒற்றை மரப் படகுகள் வந்துவிட்டன. 1983இல் ‘ஆஸ்திரேலியா II’ வெல்லும்வரை 132 ஆண்டுகள் அது அமெரிக்கர்களிடமே இருந்தது. பெயர்களைப் பொறிக்க இடம் போதாமல் பின்னாளில் அடியில் பீடம் சேர்த்தார்கள்.

தங்கம் என்று சொல்லித் தரப்பட்ட கோப்பைக்கும் ஒரு கதை உண்டு. 1905இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அளித்த கோப்பைக்காக அட்லாண்டிக்கின் குறுக்கே ஒரு பந்தயம் நடந்தது. சார்லி பார் தலைமையில் ‘அட்லாண்டிக்’ என்ற மூன்று மர ஸ்கூனர் 12 நாள், 4 மணி நேரத்தில் கடலைக் கடந்து வென்றது. அந்தச் சாதனையை முறியடிக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட அந்தக் கோப்பையை உருக்கக் கொடுத்தபோதுதான், அது மலிவான உலோகத்தின்மேல் பூசிய தங்க முலாம் என்பது தெரியவந்தது. கப்பலின் சாதனைக்கு அதனால் எந்தக் குறையும் நேரவில்லை.

கேள்வி: தோற்றவருக்குக் கோப்பை கொடுத்த வழக்கம் எங்காவது உண்டா? – ஒரு வாசகி, வாஷி

பதில்: உண்டு. தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். அவர் முகம் கோணாமல் தோற்ற விதத்தைக் கண்டு, 1930இல் அமெரிக்கப் பொதுமக்களே சிறு சிறு தொகையாகச் சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். அதே ஆண்டில் அவர் பெயரால் நடந்த ஒரு ஸ்கூனர் பந்தயத்தில்தான் ‘கெர்ட்ரூட் தீபோ’ ‘புளூநோஸை’ வென்றது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. லிப்டன் 1890 முதல் இலங்கை மலையகத்தில் தோட்டங்களை வாங்கினார். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்ற நம் மக்கள். அந்த ஐந்து படகுகளின் செலவில் அவர்களின் உழைப்பும் கலந்திருந்தது. எந்தக் கோப்பையிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கேரம் போட்டிக்கு ஒரு சுழற்கேடயம் இருக்கிறது. வென்றவர்கள் காலதாமதமாக, கறுத்துப்போன நிலையில் திருப்பித் தருகிறார்கள். பாய்மரக் கழகங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? – சங்கச் செயலாளர், நெருல்

பதில்: அவர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்பதால்தான் எழுத்தில் விதிகளை வகுத்திருக்கிறார்கள். பரிசு யாரால், எதற்காக, எந்த நிபந்தனையோடு தரப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி ஆவணமாக வைத்துக்கொள்வது முதல் வேலை. கொடுத்தவர் மறைந்தபின் எழும் பெரும்பாலான சச்சரவுகளை அந்தத் தாள் தீர்த்துவிடும். பெற்றுக்கொள்பவரிடம் கையொப்பம் வாங்குவதும், திருப்பித் தரவேண்டிய நாளைப் பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே குறிப்பதும், பெயர் பொறிப்பதை யார் செலவில் யார் செய்வது என்பதை முடிவு செய்வதும் அதன்பின் வருபவை. விலையுயர்ந்த பழைய கோப்பையைக் கழகத்திலேயே பூட்டி வைத்து, வென்றவருக்கு அதன் சிறு வடிவத்தை மட்டும் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கேடயம் கைக்குக் கை போவதில்தான் மகிழ்ச்சி என்று நினைப்பவன் நான். ஆனால் உங்கள் கேடயம் வெள்ளியாக இருந்தால் இரண்டாவது வழியே பாதுகாப்பு.

பெயர் பொறிப்பதை மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில், நாடகப் போட்டிக்கான கேடயத்தில் மூன்று ஆண்டுகளுக்குப் பெயரே பொறிக்கவில்லை. பிறகு சேர்த்துப் பொறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த மூன்று சிறு தகடுகளும் இன்றுவரை வெறுமையாகவே இருக்கின்றன. வென்ற குழுக்கள் எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். அப்பொழுது பொறுப்பில் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: மும்பையில் பாய்மரப் பந்தயங்களைப் பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: தாராளமாக. அமெரிக்கக் கோப்பையின் முதல் பந்தயத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1846இல், இங்கே ராயல் பம்பாய் யாட் கிளப் தொடங்கப்பட்டுவிட்டது. 1982 ஆசிய விளையாட்டுகள் டெல்லியில் நடந்தபோது பாய்மரப் போட்டிகளை நம் துறைமுகத்தில்தான் வைத்தார்கள். மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிவிடுவதால், அக்டோபருக்குப்பின் மே மாதம் வரைதான் பருவம். விடுமுறை நாளில் பிற்பகல் வடமேற்குக் காற்று எழுந்தபின் கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் நின்றால், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு இடையே வெண்பாய்கள் திரும்புவதைக் காணலாம். எலிஃபண்டாவுக்கோ மாண்ட்வாவுக்கோ செல்லும் படகில் ஏறினால் இன்னும் அருகில் தெரியும். இங்கே ஸ்கூனர்களை எதிர்பார்க்க வேண்டாம். ஓடுபவை பெரும்பாலும் ஒற்றை மரச் சிறு படகுகள். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் இந்த நகரத்தின் இராணுவப் பயிற்சி மையத்தில் தேர்ந்து, 2023இல் ஹாங்சூவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் வெண்கலம் வென்றார். சென்னையின் நேத்ரா குமணன், பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்.

கேள்வி: என் தாத்தா தூத்துக்குடியில் தோணிக்காரர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்த கதைகளைச் சொல்லுவார். எங்கள் தோணிக்கும் நீங்கள் சொல்லும் ஸ்கூனருக்கும் உறவு உண்டா? நம்மவர்களுக்கு இப்படிப் பந்தயமும் கோப்பையும் இருந்ததில்லையா? – ஒரு வாசகர், தாராவி

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். தூத்துக்குடித் தோணி ஸ்கூனர் ஆகாது. ஸ்கூனரின் பாய், அதன் முன் விளிம்பால் மரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். நம் தோணியின் பாய், மரத்தில் சாய்வாகத் தூக்கிக் கட்டிய நீண்ட கழியான பருமலிலிருந்து தொங்கும். ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்றுதான். 1980களிலும் முழுக்கப் பாயை நம்பியே ஓடிய பெரிய தோணிகள் தூத்துக்குடியில் இருந்தன. வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எப்போது திரும்பும் என்ற கணக்கு, தோணித் தலைவர்களான தண்டையல்களின் மனப்பாடம்.

பந்தயத்தைப் பொறுத்தவரை, இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் கோயில் விழாக்களையும் பொங்கலையும் ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. இயந்திரம் இல்லாமல், காற்றையும் நீவாடு எனப்படும் கடல் நீரோட்டத்தையும் மட்டும் கொண்டு கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஊரே கரையில் நிற்கும். தொழில் செய்கிறவர்களே ஓட்டுகிறார்கள் என்பதால், அன்று ஹாலிஃபாக்ஸ் கோப்பையின் நிபந்தனை கேட்டது இங்கே இயல்பாகவே இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்தக் கிளவுஸ்டர் துறைமுகத்துக்கும் நமக்கும் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற இரு மரப் பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். முன்மரத்தில் குறுக்குப் பாய்கள் கொண்டதால் இதுவும் கணக்குப்படி ஸ்கூனர் அன்று. வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செங்கடல் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் ஓட்டிச் சென்று, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் கிளவுஸ்டரில் நங்கூரம் பாய்ச்சினார்கள். இரண்டு மாதங்கள் கழித்து அதே கடற்பகுதியில் ‘புளூநோஸ்’ தன் கடைசிப் பந்தயத்தை ஓடியது. பாய்மரக் கப்பலின் அருமை தெரிந்த ஓர் ஊர், நம் கொல்லர்களும் தச்சர்களும் கட்டிய கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திப் பார்த்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது.

உங்கள் தாத்தாவின் தோணிக்குக் கோப்பை கிடைத்திருக்காது. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயர், தண்டையல் யார், உடன் சென்றவர்கள் யார், எந்த மாதத்தில் எந்தச் சரக்கை ஏற்றினார்கள், கொழும்பு சேர எத்தனை நாள் பிடித்தது என்பவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். பிப்ரவரி இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.